மழையில் நனைந்தால் சளி பிடிக்குமா? கை வைத்தியம் எதுவரை கைகொடுக்கும்?

20 நவம்பர் 2025, காலை 8.10
கேள்வி: கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகி

என் மகனுக்கு எட்டு வயது. திங்கட்கிழமை பள்ளி விட்டு வரும்போது திருப்பாதிரிப்புலியூரில் மழையில் மாட்டிக்கொண்டு தொப்பலாக நனைந்து வந்தான். புதன்கிழமையிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறான், உடம்பும் இலேசாகச் சுடுகிறது. நனைந்ததால்தான் வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. சுக்குக் கஷாயமும் ஆவியும் போதும் என்கிறார் மாமியார். ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் நெஞ்சில் இறங்காது என்கிறார்கள் எதிர்வீட்டில். வீட்டில் ஒன்பது மாதக் கைக்குழந்தை இருக்கிறாள். அவளுக்கும் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்கூட்டியே அவள் நாக்கில் ஒரு துளி தேன் தடவலாமா?

தொடர் குறிப்புகள்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

20 நவம்பர், பகல் 12.30

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒன்பது மாதக் குழந்தைக்குத் தேன் கூடாது. நாக்கில் தடவும் ஒரு துளியும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அவை முளைக்க முடிவதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு தசைகளைத் தளர்த்தி, பால் உறிஞ்சவும் அழவும் வலுவில்லாமல் செய்து, மூச்சு விடும் தசைகள்வரை போய்விடும். கஷாயத்தில் கலந்து கொதிக்க வைத்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. குழந்தையின் நாக்கில் இனிப்புத் தடவிச் சேனை வைக்கும் வழக்கத்தை விட மனம் வராத வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அவளுக்கு வேண்டியது தாய்ப்பாலும், அண்ணனின் சுத்தமான கையும்தான். சளி தும்மலில் மட்டும் பரவுவதில்லை. மூக்கைத் துடைத்த கை பொம்மையைத் தொட, அதே பொம்மையைப் பிடித்த பிஞ்சுக் கை கண்ணையோ மூக்கையோ தொட, அப்படியும் பரவுகிறது. பையன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சில நாளைக்குத் தங்கையின் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சாமல் இருக்கட்டும். இப்போது நீங்கள் சொல்லும் நிலையில் அவனுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஏன் என்பதைத் தனியாக எழுதுகிறேன்.

20 நவம்பர், இரவு 9.45

மழைக்கு வருகிறேன். சளிக்குக் காரணம் வைரஸ். அதில் இரண்டு கருத்து இல்லை. இருநூறு வகைக்கும் குறையாத வைரஸ்கள் சளியை உண்டாக்குகின்றன. அவற்றில் பெரும்பங்கு ரைனோ வைரஸுடையது. அதில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உடல் எதிர்ப்பாற்றல் பெற்றாலும் அடுத்த வகை புதிதாகவே வந்து சேர்கிறது என்பதால்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறையும் பெரியவர்களுக்கு இரண்டு மூன்று முறையும் சளி பிடிக்கிறது. இதற்குத் தடுப்பூசி செய்ய முடியாமல் போனதற்கும் அதுவே முதன்மையான காரணம்.

வைரஸ் இல்லாமல் வெறும் ஈரமும் குளிரும் சளியைக் கொண்டுவந்துவிடுமா என்பதை மனிதர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்ற ஊரில் 1946-இல் சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. தாமாக முன்வந்தவர்களைக் குளிக்க வைத்து, துவட்ட விடாமல், காற்று வீசும் தாழ்வாரத்தில் நடுங்க நடுங்க நிற்க வைத்துப் பார்த்தார்கள். நனையாமல் இருந்தவர்களைவிட அவர்களுக்குச் சளி கூடுதலாகப் பிடித்துவிடவில்லை.

அத்துடன் இந்தப் பேச்சு முடிந்துவிடவில்லை. 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரைக் கொண்டு வேறொரு சோதனை நடந்தது. பாதிப்பேர் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காலை வைத்திருந்தார்கள். மீதிப்பேர் வெறும் வாளியில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாள்களில் தண்ணீரில் கால் வைத்த 90 பேரில் 13 பேரும், வெறும் வாளிக்காரர்களில் 5 பேரும் சளி பிடித்திருக்கிறது என்றார்கள். கால் குளிரும்போது மூக்கின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, ஏற்கெனவே மூக்கில் ஒண்டியிருந்த வைரஸ் அதனால் தலையெடுக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். யாருடைய மூக்கிலும் வைரஸ் உண்டா என்று அவர்கள் பரிசோதிக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2015-இல் யேல் பல்கலைக்கழகத்தில் எலியின் மூச்சுக்குழல் உயிரணுக்களை வைத்துப் பார்த்தபோது, 37 பாகை செல்சியஸ் வெப்பத்தைவிட 33 பாகையில் வைரஸை எதிர்க்கும் உயிரணுவின் வேகம் தணிந்திருந்தது. மூக்கின் உட்புறம் ஏறக்குறைய அந்த 33 பாகையில்தான் இருக்கிறது.

ஆகவே உங்கள் மகன் நனைந்தது வைரஸுக்கு வழிவிட்டிருக்கலாம். வைரஸை மழை கொண்டுவரவில்லை. தொற்றியதிலிருந்து ஒன்று முதல் மூன்று நாளில் மூக்கு ஒழுகத் தொடங்கும். மழைக்காக ஜன்னல்களை அடைத்த வகுப்பறையில் பக்கத்து பெஞ்சுக்காரனிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

21 நவம்பர், காலை 6.50

நேற்றைய குறிப்போடு சேர்க்க வேண்டிய ஒன்று விடியற்காலையில் நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் பகுதியில் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்ததும், மாடி இருந்த வீடுகளில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து தங்கின. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கி வந்த இளைஞர்கள் பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடியை விட்டு இறங்காமல், சாத்திய அறையில் ஒரே பாயில் படுத்திருந்த பாட்டிமாரும் பிள்ளைகளும் அந்த வாரத்துக்குள் வரிசையாக மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். மழைக்காலத்தில் சளி கூடுகிறது என்று பெரியவர்கள் சொல்வது கண்ணால் கண்ட உண்மை. அதில் பெரும்பங்கு நெருக்கத்துக்கும் அடைத்த காற்றுக்கும் உரியது.

21 நவம்பர், பிற்பகல் 3.20

வாழைப்பழம், தயிர், பால் ஆகியவற்றை நிறுத்த வேண்டுமா என்று முத்தியால்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். இவை சளியை உண்டாக்குவதில்லை. பால் குடித்தால் கோழை கூடுகிறதா என்று ஆஸ்திரேலியாவில் ரைனோ வைரஸ் கொடுக்கப்பட்டவர்களின் மூக்குச் சளியை நாள்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள்; 1990-இல் வெளியான அந்த ஆய்வில் பாலுக்கும் சளியின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் படியும்போது கெட்டியாகத் தோன்றுகிறது, அவ்வளவே. பசி குறைந்த பிள்ளை எதைக் கேட்டுச் சாப்பிடுகிறதோ அதைக் கொடுங்கள்.

22 நவம்பர், இரவு 8.00

இப்போது கஷாயம். என் அனுபவத்தில் சுக்கு மல்லிக் காப்பிக்கு இணையான சளித்துணை வேறில்லை. அதைச் சரியாகச் செய்யும் வீடுகள் குறைந்துவிட்டன என்பது என் வருத்தம். பெரிய மார்க்கெட்டில் நாட்டு மருந்துச் சரக்கு விற்கும் கடையில், உடைத்தால் நார் தெரிந்து காரமணம் அடிக்கும் சுக்காகப் பார்த்து வாங்குவேன். வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியது போலிருக்கும் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். சுக்குக்குப் புறநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு பங்கு தனியாவைச் சிவக்கும் முன்பே வறுத்து இறக்கி, ஒரு பங்கு சுக்கு, அரைப் பங்கு மிளகு, இரண்டு மூன்று திப்பிலி சேர்த்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள்வேன். மாவாக அரைத்தால் அடியில் தங்கித் தொண்டையை அறுக்கும். ஒரு தம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, முக்கால் தம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி, பனைவெல்லம் சேர்த்துச் சூடாகக் குடிக்க வேண்டும்.

இது வைரஸைக் கொல்லுமா என்றால், கொல்லாது. ஆனாலும் குடித்த சில நிமிடங்களில் மூக்கு இளகி, தொண்டைக் கரகரப்பு அடங்கி, தலைபாரம் இறங்குவது கற்பனையன்று. மிளகும் சுக்கும் வாயிலும் மூக்கிலும் உள்ள எரிச்சல் நரம்புகளைத் தூண்டுவதால் நீர் சுரக்கிறது. உறைந்திருந்த சளி நீர்க்கிறது. இனிப்பும் சூடும் எச்சிலைச் சுரக்க வைத்துத் தொண்டைக்கு ஒரு பூச்சுத் தருகின்றன. கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் சளி பிடித்த முப்பது பேருக்குப் பழப்பானத்தைச் சூடாகவும் சூடின்றியும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கு வழியாகப் போகும் காற்றின் அளவில் மாற்றமில்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்களுக்கு ஒழுகலும் இருமலும் தும்மலும் தொண்டை வலியும் சோர்வும் உடனே தணிந்தன, அந்த இதம் தொடர்ந்தும் இருந்தது. நோயை விரட்டாவிட்டாலும் இரவில் ஒருவரைத் தூங்க வைக்கும் பொருளை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்கவும்: பனைவெல்லமும் பனங்கற்கண்டும் கருப்பட்டியும் சர்க்கரைதான். இனிப்பில்லாமல் குடியுங்கள்.

22 நவம்பர், இரவு 8.40

நண்டு ரசத்தை விட்டுவிட்டீர்களே என்று கடலூர் முதுநகர் வாசகர் உரிமையோடு கேட்டிருக்கிறார். அவர் கேட்பது நியாயம். துறைமுகத்தில் கிடைக்கும் சிறு நண்டுகளை ஓட்டோடு இடித்து, பூண்டும் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு வைக்கும் ரசத்தில் சூடு, உப்பு, காரம், நீர் ஆகிய நான்கும் இருக்கின்றன. சளிக்காரருக்கு வேண்டியவை அவையே. நாட்டுக்கோழி ரசமும் அப்படியே. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 2000-இல் கோழிச்சாற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, அழற்சி உண்டான இடத்துக்கு ஓடும் வெள்ளணுக்களின் வேகத்தை அது சற்றுக் குறைத்தது. கண்ணாடிக் குடுவையில் கண்டதை மனித உடலுக்கு அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது. ரசம் நன்றாக இருக்கிறது என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. நண்டு ஒவ்வாதவர்கள் மட்டும் சளி நேரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

23 நவம்பர், காலை 10.15

ஆவி பிடிப்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நேற்றிரவு முழுதும் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பணியாற்றிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் மழைக்காலம் தோறும் தீப்புண்ணுக்கான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை எடுத்துக் கொடுக்க வேண்டி வந்த பிள்ளைகளில் ஆவி பிடிக்கப் போய் வெந்தவர்களும் இருந்தார்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கும். தரையில் கொதிக்கும் பாத்திரம், அதில் நொச்சி இலையும் மஞ்சளும். சம்மணமிட்டுக் குனிந்த பிள்ளையின் தலைமேல் கனமான போர்வை. மூச்சுமுட்டிப் பிள்ளை திமிறும்போது முட்டி பாத்திரத்தில் இடித்து, மொத்தத் தண்ணீரும் மடியில் கொட்டிவிடும். தொடையும் அடிவயிறும் வெந்துபோகும். போர்வை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்வதால் சூடு விலகவும் வழியிருக்காது. சளி ஒரு வாரத்தில் போயிருக்கும். அந்தத் தழும்பு போகாது.

இத்தனை அபாயத்துக்கு ஈடான பயன் உண்டா என்றால், ஆவியைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் உறுதியான பலன் எதையும் காணவில்லை. சிலருக்குச் சிறிது நேரம் மூக்கு திறக்கிறது. அதை நான் மறுக்கவில்லை, எனக்கும் திறக்கிறது. பெரியவர்கள் பிடிக்க விரும்பினால், அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடம் கழித்து, அகன்ற அடியுள்ள பாத்திரத்தை ஆடாத மேசையின் மேல் வைத்து, போர்வை இல்லாமல் ஒரு மெல்லிய துண்டோடு பிடிக்கலாம். பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். குளியலறைக் கதவைச் சாத்தி வெந்நீர் வாளியிலிருந்து எழும் ஈரக் காற்றில் அவர்களைத் தள்ளி உட்கார வைத்து, வாளியைப் பெரியவர் ஒருவர் காத்துக்கொண்டால் போதும்.

புதுப்பாளையத்து மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆவி பிடித்துத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினேன் என்று அவர் நம்புவது அன்பினால்தான்.

23 நவம்பர், மாலை 5.30

மேற்கண்ட குறிப்பைப் படித்துவிட்டு மூன்று பேர் வெவ்வேறு வழக்கங்களைப் பற்றிக் கேட்டிருப்பதால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பூஜைச் சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது, துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவது இரண்டும் கூடாது. சூடம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும், சிறு குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும், வாயில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. கடையில் விற்கும் தைலங்களிலும் சூடம் உண்டு என்பதால் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அவையும் வேண்டாம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட மோசம்: நுரையீரலுக்குள் இறங்கிய எண்ணெயை வெளியேற்ற உடலால் எளிதில் முடியாது, அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை பிடிப்பது பெரியவர்களின் மூக்கையும் புண்ணாக்குகிறது. வீசிங் உள்ளவர்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

25 நவம்பர், காலை 7.30

பையனுக்குச் சளி பச்சையாகிவிட்டது, இப்போதாவது ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று புதுப்பாளையத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

பச்சை நிறம் பாக்டீரியாவின் நிறமன்று. வைரஸை எதிர்க்க வரும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களில் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி உள்ளது. அந்த நொதிக்கே பச்சை நிறம். வெள்ளணுக்கள் பெருகிச் சளியில் கலக்கும்போது அது மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுகிறது. தெளிந்த நீராகத் தொடங்கி, மூன்றாம் நான்காம் நாளில் கெட்டியாகி நிறம் மாறி, பிறகு தெளிவது சாதாரணச் சளியின் வழக்கமான போக்கு.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் வரலாம்; உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிப்போய், உண்மையில் நிமோனியா வரும் நாளில் அது பலிக்காமல் போகலாம். மருந்துப் பட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவோ வாங்கவோ கூடாது என்று பொருள். மூக்கொழுகல் என்று சொன்ன என் அக்கா மகனுக்கு ஒரு மருந்துக் கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் மூன்றைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். அதே கவுன்டரின் இந்தப் பக்கம் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு அது மிகுந்த வேதனையைத் தந்தது. கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள் என்று சொல்லப்படும் காரணத்தை நான் நன்கு அறிவேன். ஆனாலும் கொடுக்கக் கூடாது.

25 நவம்பர், இரவு 9.10

இருமல் சிரப்பாவது வாங்கலாமா என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான். இவ்வாண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை எல்லாரும் படித்திருப்பீர்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் நச்சுக் கரைப்பான் 48.6 விழுக்காடு இருந்தது. அந்த இறப்புகளையடுத்து, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. கலப்படம் ஒருபுறம் இருக்கட்டும். நல்ல சிரப்பும் பிள்ளைகளின் இருமலைக் குறைப்பதாக உறுதியான சான்று இல்லை.

உங்கள் மகனுக்கு எட்டு வயது என்பதால் அவனுக்குத் தேன் நல்ல மருந்து. படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி, வெறுமையாகவோ வெதுவெதுப்பான நீரிலோ கொடுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இரவு இருமலுக்கு ஒன்றும் கொடுக்காததைவிடத் தேன் நன்றாக வேலை செய்தது. சிரப்புகளில் சேரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அந்தப் பெயரை வாங்கவில்லை. காய்ச்சலில் பிள்ளை துவண்டால் எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும்.

28 நவம்பர், பிற்பகல் 2.00

"மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள்" என்று வில்லியனூர் வாசகர் எழுதிச் சிரிக்க வைத்துவிட்டார். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஏழு முதல் பத்து நாளில் விடுதலை. பிள்ளைகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். மூக்கு நின்ற பிறகும் இருமல் மூன்று வாரம்வரை இழுக்கலாம். இந்தக் கணக்கு தெரியாததால்தான் ஐந்தாம் நாளே மருந்தை மாற்றுகிறார்கள், எட்டாம் நாள் தானாகக் குறைந்ததும் கடைசியாகச் சாப்பிட்ட மருந்துக்கு அந்தப் புகழ் போகிறது.

வைட்டமின் சி மாத்திரை பற்றி: நாள்தோறும் உண்பவர்களுக்குச் சளி வருவது குறைவதில்லை, வந்தால் பெரியவர்களுக்கு எட்டு விழுக்காடு அளவுக்குச் சீக்கிரம் போகிறது, சளி தொடங்கிய பின் விழுங்குவதால் தெளிவான பயன் தெரியவில்லை. நெல்லிக்காயை அதன் சுவைக்காகச் சாப்பிடுங்கள்.

தூக்கத்தை இன்னும் கூடுதலாக மதிக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2015-இல் 164 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்கு கூடுதலாகச் சளி பிடித்தது.

2 டிசம்பர், காலை 11.00

ஆடாதொடை, தூதுவளை, கற்பூரவள்ளி ஆகியவற்றை இந்த இழையில் நான் இதுவரை தொடாமல் இருப்பதைச் சித்த மருத்துவத்தில் பற்றுள்ள ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆடாதொடை இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டே கோழையை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற ஆங்கில மருந்து உருவானது. எங்கள் வீட்டுத் தொட்டியில் கற்பூரவள்ளி எப்போதும் உண்டு. தடித்த இலையை அனலில் வாட்டினால் ஓம மணத்தோடு சாறு கசியும், அதை நான் சில துளித் தேனோடு எடுத்துக்கொள்வேன். தூதுவளையை முள் நீக்கித் துவையலாக அரைத்தால் சளியில் செத்துப்போன நாக்குக்கு உயிர் வரும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஆடாதொடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதிமதுரத்தை நாள்கணக்கில் சுவைத்தால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து எடுக்கும் முதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

4 டிசம்பர், இரவு 7.20

உப்பு நீரை முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு அது எளிய மருந்து. ஒரு தம்ளர், அதாவது 250 மி.லி. நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு. தொண்டைக்கு அதைக் கொப்பளிக்கலாம், மூக்கில் விட்டு அலசலாம். 2024-இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், சளி தொடங்கும்போதே மூக்கில் உப்பு நீர்ப் பீய்ச்சியைப் பயன்படுத்தியவர்கள் நோயோடு கழித்த நாள்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன.

மூக்கில் விடும் நீர் கட்டாயம் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய் நீரோ குளத்து நீரோ ஆகாது. மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளத்தைப் பற்றி 2024-இலும் இவ்வாண்டிலும் செய்தியில் படித்தோமே, அது மூக்கு வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. கைக்குழந்தைக்கு வீட்டில் கலக்க வேண்டாம்; மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் சொட்டு மருந்தைப் பால் குடிக்கும் முன் ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு துளி விட்டால், அடைப்பு விலகி அவள் பாலை உறிஞ்ச முடியும்.

மூக்கடைப்பைத் திறக்க விடும் சைலோமெட்டசோலின் சொட்டு வேறு மருந்து, குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரியவர்கள் அதைச் சில நாளே பயன்படுத்தலாம், மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால், சொட்டு விட்டால்தான் மூக்கு திறக்கும் என்ற நிலை வந்துவிடும்.

7 டிசம்பர், காலை 9.00

தங்கைக்கும் மூக்கு ஒழுகுகிறது, எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூச்சை எண்ணுங்கள். அவள் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை நிமிடத்துக்கு 50-உம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40-உம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே காட்ட வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, மஞ்சக்குப்பத்து அரசுத் தலைமை மருத்துவமனைக்கு நேரம் பார்க்காமல் போங்கள்.

பெரியவர்கள் மூன்று நாளுக்கு மேல் கடுங்காய்ச்சல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குறைந்து பிறகு மீண்டும் ஏறும் காய்ச்சல், கோழையில் இரத்தம் ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது. சளிக்குப் பின் இருமல் மூன்று வாரம்வரை இழுக்கலாம் என்றேன்; ஆனாலும் இரண்டு வாரத்தைக் கடந்த இருமலுக்குக் கோழைப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

11 டிசம்பர், மாலை 6.15

ஆண்டு முழுவதும் சளி என்று சிப்காட் பக்கத்து ஊரிலிருந்து எழுதியவருக்கு. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகல், காய்ச்சல் இல்லை, பகலில் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். இது வைரஸ் சளி போலத் தெரியவில்லை. ஒவ்வாமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மெத்தையின் தூசிப்பூச்சி, மழைக்குப் பின் சுவரில் பூக்கும் பூஞ்சை, புகை, ஆலைக் காற்றின் நெடி என்று தூண்டுவதும் எரிச்சலூட்டுவதும் பலவாக இருக்கலாம். சுக்குக் காப்பி இதை மாற்றாது. கடலூர் தலைமை மருத்துவமனையிலோ ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். அவர்கள் ஸ்டீராய்டு மூக்குப் பீய்ச்சி எழுதிக் கொடுத்தால் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இரத்தத்தில் அது மிகச் சிறிதளவே சேர்கிறது. தலையைச் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடித்து, நடுச் சுவரில் படாமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். நடுச் சுவரில் அடித்தால் இரத்தம் கசியும். முதல் நாளே பலன் தேடி நிறுத்திவிடாதீர்கள். நாள்தோறும் அடித்தால் ஓரிரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.